மாத்திரைக்குள் ஓர் ஆண்: 'சத்து' குறித்துச் சில குறிப்புகள்

மெடிக்கல் கடைகளிலும் ஜிம்களிலும் ஆண்களுக்கென்று விற்கப்படும் வைட்டமின் மாத்திரை டப்பாவை ஒரு பிரதியாக எடுத்து வாசிக்கலாம் என்று தோன்றுகிறது. அதில் 'ஆக்டிவ்' என்ற சொல்லும் ஆண் படமும் சேர்ந்தே வருகின்றன. யார் இந்த ஆக்டிவ் ஆண்? டை கட்டியவன், அல்லது டிரெட்மில்லில் ஓடுகிறவன். நாள் முழுக்க மூட்டை தூக்குகிற ஆள் அந்தப் படத்தில் இல்லை. செங்கல் சுமக்கிற சித்தாளும் இல்லை. பிழைப்புக்காக இயங்குகிற உடல் 'ஆக்டிவ்' ஆகாது. நேரம் ஒதுக்கி, காசு கொடுத்து இயக்கப்படுகிற உடல்தான் ஆக்டிவ். ஆக, இந்தச் சொல் உடலின் இயக்கத்தைச் சொல்வதுபோலப் பாவனை செய்துகொண்டு வர்க்கத்தைச் சொல்கிறது.

உடலுக்குள் ஏதோ குறைகிறது, அதை வெளியிலிருந்து இட்டு நிரப்ப வேண்டும் என்கிற இந்தச் சொல்லாடலுக்கு நம் ஊரிலேயே ஒரு வரலாறு உண்டு. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் 1918இல் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய சிறு பிரிவுதான் பின்னால் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. அதைத் தொடங்கிய ராணுவ மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன், சீக்கியர், பட்டாணியர், மராத்தியர், வங்காளி, மதராஸி என்று ஒவ்வொரு கூட்டத்தாரின் சாப்பாட்டையும் எலிகளுக்குப் போட்டு வளர்த்துப் பார்த்தார். சீக்கியச் சாப்பாடு தின்ற எலி கொழுகொழுவென்று வளர்ந்தது; மதராஸிச் சாப்பாடு தின்றது நோஞ்சானாயிற்று. இதில் ஒரு நியாயம் இருந்தது. எலிகள் ஒரே இனம். எனவே 'போர்க்குடி' என்பது ரத்தத்தில் இல்லை, தட்டில் இருக்கிறது என்றாயிற்று. ஆனால் அந்தத் தட்டில் ஏன் அதுதான் விழுந்தது என்ற கேள்வி எலிக்கூண்டுக்கு வெளியே நின்றுவிட்டது. நிலம் யாரிடம் இருந்தது? பால் எந்தத் தெருவுக்குப் போயிற்று? கூலி எவ்வளவு? இவற்றை எலியிடம் கேட்க முடியாது. ஆனால் பட்டாளத்துக்கு ஏற்ற ஆண் உடல்தான் அளவுகோல் என்பது மட்டும் பத்திரமாக மிஞ்சிவிட்டது. இன்றைய டப்பாப் படம் அதன் பேரன்.

பெரிபெரிக்குக் காரணம் பி1 வைட்டமின் குறைவு. அது அரிசியின் தவிட்டோடு ஒட்டிக்கொண்டிருப்பது. மில்லில் தீட்டத் தீட்ட அது போய்விடுகிறது. நெல்லை அவித்துக் காயவைக்கிற புழுங்கல் முறையில் கணிசமான பகுதி அரிசிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. 'கொட்டை அரிசி' என்று இளக்காரமாகப் பேசப்பட்டதில்தான் சத்து இருந்தது. வெள்ளை வெளேரென்ற அரிசியை அந்தஸ்தாக்கி, தவிட்டில் போனதை மாத்திரையில் திருப்பி விற்கிறார்கள். இரண்டுக்கும் காசு நம்முடையது.

அடுத்து ஆண்–பெண் எதிர்வு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆண்களில் 25 சதவீதம். பெண்ணுக்கு அரசு இரும்புச்சத்து மாத்திரை தருகிறது, இலவசமாக. அங்கே சொல் 'குறைபாடு'. ஆணுக்குச் சந்தை மாத்திரை விற்கிறது. இங்கே சொல் 'சக்தி', 'ஸ்டாமினா'. பெண் குறையுள்ள உடல். ஆணோ ஏற்கெனவே நிறைந்தவன், இன்னும் பொங்க வேண்டியவன். அப்படியானால் அந்தக் கால்வாசி ஆண்கள்? 'தெம்பில்லை' என்று சொல்வதே ஆண்மைக்கு இழுக்கு என்றாகிவிட்டபின் அவர்கள் பரிசோதனைக்கே வருவதில்லை. 'ஒண்ணு போட்டுக்கிட்டா சரியாப் போயிடும்' என்று ஒரு டப்பா வாங்கிக்கொள்கிறார்கள். ஆண்களுக்கான டப்பாக்கள் பலவற்றில் இரும்பு சேர்ப்பதில்லை என்பது தனி வேடிக்கை. மிஞ்சிய இரும்பை வெளியேற்ற உடம்பில் வழியில்லை என்பதால் அதில் மருத்துவ நியாயம் உண்டுதான். ஆனால் ரத்தசோகை உள்ளவனுக்கு அந்த டப்பா எதையும் செய்யப்போவதில்லை.

வயிறு நிறைந்தவனுக்காவது பலன் உண்டா? அமெரிக்காவில் 50 வயதைத் தாண்டிய 14,641 ஆண் மருத்துவர்களை வைத்துப் பதினோரு ஆண்டுகளுக்குமேல் நடந்த ஆய்வின் முடிவு 2012இல் வந்தது. தினம் ஒரு மல்டிவைட்டமின் சாப்பிட்டவர்களிடம் புற்றுநோய் 8 சதவீதம் குறைந்திருந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. கேரட்டில் நல்லதாக இருப்பது குப்பியில் அடைத்தாலும் நல்லதாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. பி வைட்டமினில் மிஞ்சியது சிறுநீரில் போய்விடும். ரிபோஃப்ளேவின் அதை மஞ்சளாக்கும். அதைப் பார்த்து 'மாத்திரை வேலை செய்யுது' என்பவர்களும் உண்டு, 'உடம்பு சூடு' என்பவர்களும் உண்டு. போவது காசு.

இன்னொன்று. பி12 இயற்கையாகக் கிடைப்பது இறைச்சி, மீன், முட்டை, பாலில். மாட்டிறைச்சியில் அது தாராளம், இரும்பும் உண்டு. அதைத் தின்பவர் இழிந்தவர் என்று சொல்லிவந்த வீட்டுக்குள்ளேயே பி12 குறைவு வருகிறது, கேப்ஸ்யூல் வாங்கப்படுகிறது. அந்த உறை ஜெலட்டினாக இருந்தால் அது மாட்டின் எலும்பிலிருந்தோ தோலிலிருந்தோ பன்றித் தோலிலிருந்தோ காய்ச்சி எடுத்தது. டி3 வைட்டமின் பெரும்பாலும் ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து வருகிறது. தட்டில் தீட்டானது மருந்துக் கடை வழியாக வந்தால் சுத்தமாகிவிடுகிறது! விஞ்ஞானம் சாதியை ஒழிக்கவில்லை, அதற்கு ஒரு உறை போட்டுக் கொடுத்திருக்கிறது.

நான் மாத்திரைக்கு எதிரி அல்ல. ரத்தசோகைக்கு இரும்பும், பரிசோதித்துக் குறைவென்று கண்டால் பி12உம் கட்டாயம் வேண்டும். அவை அரசு மருத்துவமனையில் ஆணுக்கும் கேட்டுப் பெற வேண்டியவை. என் சண்டை அந்த 'ஆக்டிவ் ஆண்' என்கிற கட்டமைப்போடு. கூலி, வேலைநேரம், ஓய்வு, முட்டை, கறி, ரேஷன் அரிசியின் தரம் என்று வெளியே பேச வேண்டிய அத்தனையையும் தனி ஒருவனின் உடம்புக்குள் ஒரு 'குறை'யாகச் சுருட்டி வைக்கிறது அது. நம் சங்கக் கூட்டங்களில் சம்பளம் பேசுகிறோம், சாப்பாடு பேசுவதில்லை. அது வீட்டுச் சமாச்சாரம், பொம்பளைகள் சமாச்சாரம் என்று விட்டுவிட்டோம். நாம் விட்ட அந்த இடத்தில்தான் மாத்திரைக்காரன் கடை போட்டிருக்கிறான்.