ஏற்புரைக்கு முன் தீர்ந்துபோகும் பேட்டரி

ஒரு சிறுகதைத் தொகுப்பின் வெளியீட்டு விழாப் பதிவு என்னிடம் இருக்கிறது. ஓடும் நேரம் இரண்டு மணி நாற்பது நிமிடம். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, பொன்னாடை, முதல் பிரதி பெறும் படலம், மூன்று வாழ்த்துரை, இரண்டு ஆய்வுரை. 'காலத்தின் அருமை கருதி' என்று தொகுப்பாளர் ஐந்து முறை சொல்கிறார்; எண்ணிவிட்டேன். கடைசியில் ஏற்புரைக்காக எழுத்தாளர் வருகிறார். மைக்கை இறக்கிக்கொள்கிறார். நன்றி சொல்வதற்குப் பதில் கதையிலிருந்து ஒரு பத்தி வாசிக்கிறேனே என்கிறார். புத்தகத்தைப் பிரித்துவிட்டுச் சட்டைப்பையில் கண்ணாடியைத் துழாவுகிறார். அத்தோடு படம் நின்றுவிடுகிறது. கேமராவில் பேட்டரி தீர்ந்துவிட்டதாம்.

சில மாதங்களாக இலக்கியக் கூட்டங்களின் பதிவுகளைத் தேடித்தேடிக் கேட்டுவருகிறேன். எழுத்தாளரைப் பற்றிப் பிறர் பேசியது மலைபோல் குவிந்து கிடக்கிறது. எழுத்தாளரே பேசியதும் இப்போது நிறையக் கிடைக்கிறது. தான் எழுதிய பக்கத்தைத் தன் வாயால் வாசித்ததைத் தேடினால்தான் கை வெறுமையாகத் திரும்புகிறது.

குரலைப் பிடித்துவைக்கும் கருவி வந்த நாளிலிருந்தே எழுத்தாளர்கள் அதன் முன்னால் நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். எடிசனின் போனோகிராஃப் 1877இல் வந்தது. 1889 ஏப்ரலில் லண்டனில் ஒரு விருந்தின்போது ராபர்ட் பிரௌனிங் தன் கவிதையைச் சொல்லத் தொடங்கி, சில வரிகளிலேயே மறந்துபோய்த் திணறினார். மன்னிப்புக் கேட்டதும் சேர்ந்தே பதிவாகிவிட்டது. அந்த டிசம்பரில் அவர் இறந்தார். மறு ஆண்டு நினைவுநாளில் நண்பர்கள் கூடி அந்த மெழுகு உருளையை ஓடவிட்டுக் கேட்டார்கள். கவிதை முழுதாக இருந்திருந்தால்கூட இவ்வளவு உயிரோடு இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

நமக்கு அந்தத் திணறல்கூட வாய்க்கவில்லை. கௌஹர் ஜான் கல்கத்தாவில் இசைத்தட்டுக்காகப் பாடியது 1902இல். பாரதி மறைந்தது 1921இல். நடுவில் பத்தொன்பது ஆண்டுகள். கிரியர்சனின் மொழி அளவாய்வுக்காக 1913க்கும் 1929க்கும் இடையே அரசாங்கமே கிராமபோன் எடுத்துக்கொண்டு போய் இந்திய மொழிகளைப் பதிவு செய்தது. மொழிக்கு மொழி கெட்ட குமாரன் கதையைச் சொல்லவைத்தார்கள், தமிழிலும் சொல்லவைத்தார்கள். பெயர் நிலைக்காத யாரோ ஒருவரின் தமிழ் இன்றும் கேட்கக் கிடைக்கிறது. பாரதியின் குரலையோ வ.ரா.வும் யதுகிரி அம்மாளும் எழுதிவைத்ததை வைத்து ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இத்தனைக்கும் வாசித்துக் காட்டுவது நமக்குப் புதிதல்ல. அரங்கேற்றம் என்பதே அதுதான். தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானுக்கு முன்னால் அரங்கேறியதாக அதன் பாயிரம் சொல்கிறது. மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் புராணங்கள் கோயில்களில் நாள்கணக்கில் அரங்கேறியதை உ.வே.சா. 'என் சரித்திர'த்தில் எழுதியிருக்கிறார்: பாட்டைப் படிப்பது, பொருள் சொல்வது, கூட்டம் ரசிப்பது. நூல் காதுக்குப் போன பிறகுதான் ஏட்டில் நிலைபெற்றது.

கவிதைக்கு அந்த வழக்கம் கவியரங்கமாக வேறு உருவில் தொடர்ந்தது. ஒவ்வோர் அடியையும் இரண்டு தடவை சொல்வார்கள். முதல் தடவை தகவலுக்கு, இரண்டாம் தடவை கைதட்டலுக்கு. ஈழத்தில் மஹாகவியும் முருகையனும் கவியரங்குக்கு எழுதும்போதே பேச்சோசையைப் பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். உரைநடைக்கு மட்டும் மேடையில் நாற்காலி போடப்படவில்லை. காரணம் தேடித் தூரம் போக வேண்டாம். 'எழுதிவெச்சுப் படிக்கிறார்' என்பது தமிழ் மேடையில் வசவு. குறிப்பே இல்லாமல் ஒன்றரை மணி நேரம் பொழிகிறவரே பேச்சாளர். அண்ணாவையும் ஜீவாவையும் கேட்டு வளர்ந்த கூட்டத்துக்கு முன்னால், ஒல்லியாக ஒருவர் வந்து, புத்தகத்தைத் திறந்து, தலையைக் குனிந்துகொண்டு வாசிக்கத் தயங்கியது இயல்புதான். அவரும் பேசக் கற்றுக்கொண்டார். எழுத்து கையிலிருந்த புத்தகத்திலேயே தங்கிவிட்டது.

வெளியே ஒரு பதிவை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்புகிறேன். 1963 கோடையில் கனடாவின் வான்கூவரில் மூன்று வாரம் கவிஞர்கள் கூடினார்கள். சார்லஸ் ஓல்சன், ராபர்ட் டங்கன், ஆலன் கின்ஸ்பெர்க், டெனிஸ் லெவர்டோவ், ராபர்ட் கிரீலி என்று பெரிய வரிசை. ஃப்ரெட் வா என்ற மாணவர், பின்னாளில் அவரும் கவிஞர், டேப் ரிக்கார்டரை வைத்து வகுப்பையும் வாசிப்பையும் விவாதத்தையும் பதிந்தார். அந்தச் சுருள்கள் இன்று பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பென்சவுண்ட் தொகுப்பில் எல்லோருக்கும் கிடைக்கின்றன. இலவசமாகக் கிடைப்பதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. ஒரு மாலைப்பொழுதின் பதிவை ஒரே நீளமாக விடாமல், கூடுமானவரை கவிதைக்கு ஒரு கோப்பாக நறுக்கி, கவிஞர் பெயர், தலைப்பு, இடம், நாள் எல்லாவற்றையும் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கிறார்கள். நூலகர் ஒருவரின் பொறுமை கேட்கும் வேலை.

நம் பக்கம் பதிபவர்களின் பொறுமைக்கும் குறைவில்லை. ஸ்ருதி டிவியின் கேமரா நிற்காத இலக்கிய மேடை இன்று குறைவு. ஊர் ஊராகப் போய் இலக்கியக் கூட்டங்களைப் பதிகிறார்கள். பிற்காலத்தில் எவராவது இந்தக் காலத்துத் தமிழ் இலக்கிய வரலாற்றை எழுத உட்கார்ந்தால் முதலில் அந்தப் பதிவுகளுக்குத்தான் போக வேண்டியிருக்கும். ரோஜா முத்தையா நூலகத்துச் சொற்பொழிவுகளும் பதிவாக இருக்கின்றன. ஈழத்து எழுத்துக்காக 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இப்போது ஒலி, ஒளிப் பக்கமும் வந்திருக்கிறது.

இவற்றில் நான் திரும்பத் திரும்பக் கேட்பது கோவை விஷ்ணுபுரம் விழாவின் அமர்வுகளை. 2010இல் ஆ.மாதவனுக்கு விருது வழங்கித் தொடங்கிய விழா அது. மாலையில் நடக்கும் விருது மேடையைவிட, பகலில் வாசகர்கள் எழுத்தாளரை உட்காரவைத்துக் கேள்வி கேட்கும் அமர்வுகளில்தான் சரக்கு இருக்கிறது. தயாரித்துக்கொண்டு வந்த பேச்சில் எழுத்தாளர் ஒளிந்துகொள்ளலாம். படித்துவிட்டு வந்த வாசகர் குறிப்பிட்ட கதையின் குறிப்பிட்ட முடிவைப் பற்றிக் கேட்டால் ஒளிய இடமில்லை. அந்த நான்கைந்து விநாடி மௌனம் அச்சில் வராது.

இந்த வகைப் பதிவுகளுக்குப் பொதுவாக ஒரு நோய் உண்டு. கேள்வி கேட்பவர் கையில் மைக் இருக்காது. கூட்டத்தின் நடுவிலிருந்து முணுமுணுப்பு எழும். இரண்டு நிமிடம் கழித்து எழுத்தாளர் 'இல்ல, நான் அப்படி நினைக்கல' என்பார். எப்படி நினைக்கவில்லை என்பது நமக்குத் தெரியாது. அரங்கின் ஒலிபெருக்கி மிக்சரிலிருந்து ஒரு ஒயரை நேராகக் கேமராவுக்கு இழுத்தால் மேடைப் பேச்சு தெளிவாக விழும், ஆனால் சபையின் சிரிப்பு போய்விடும். கேமரா மைக்கையே நம்பினால் சிரிப்பு வரும், மின்விசிறியும் வரும். இரண்டையும் தனித்தனியாகப் பதிந்து பிறகு சேர்க்கலாம். அதற்கு ஆளும் நேரமும் வேண்டும், கூலி கொடுக்க ஒருவரும் வேண்டும்.

பதிந்தது யாருக்குச் சொந்தம் என்பது அடுத்த கேள்வி. நம் பதிப்புரிமைச் சட்டம் 'நிகழ்த்துநர்' யார் யார் என்று அடுக்கும்போது நடிகர், பாடகர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி என்று சொல்லிக்கொண்டே போய், அதே மூச்சில் விரிவுரை நிகழ்த்துபவரையும் சேர்த்துக்கொள்கிறது. பாம்பாட்டிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்ததில் எனக்கு வருத்தமில்லை. பேசியவருக்கு 50 ஆண்டுகள் உரிமை உண்டு என்பது பல பேச்சாளர்களுக்கே தெரியாது என்பதுதான் வருத்தம். பதிபவர்கள் எழுதி வாங்குவதும் கிடையாது, கேட்டுக்கொள்வதும் கிடையாது.

கதை சொல்கிறவர்கள் தனி வகை. பவா செல்லதுரை கதையை வாசிப்பதில்லை, சொல்கிறார். கேட்பவர் புத்தகத்தைத் தேடிப் போகிறார், நல்ல காரியம்தான். ஆனால் நாம் கேட்பது பவாவின் வாக்கியம். ஆசிரியரின் வாக்கியம் எங்கே மூச்சு வாங்குகிறது என்பது அதில் தெரியாது. கி.ரா.வின் பதிவுகளில் மட்டும் இந்த வேறுபாடே அழிந்துவிடுகிறது. 2021இல் மறைந்த அவர் பேசுவதும் எழுதுவதும் ஒரே நாக்கில். கரிசல் சொற்களுக்கு அகராதி போட்டவர் அந்தச் சொல்லை உச்சரிக்கும்போது, அகராதியால் காட்ட முடியாத இழுப்பு காதில் விழுகிறது.

எழுத்தாளர்கள் தம் படைப்பைத் தாமே வாசிக்க, ஒழுங்காகப் பதிந்து பட்டியலிட்ட ஒரு தொகுப்பில் தமிழும் இருக்கிறது. அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம், தன் டெல்லி அலுவலகம் வழியாக 2000இல் தொடங்கிய தெற்காசிய இலக்கியப் பதிவுத் திட்டம் அது. கைதட்டல் இல்லை, பொன்னாடை இல்லை. ஒரு குரல், ஒரு பக்கம். நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நாம் செய்திருக்க வேண்டிய வேலையை வாஷிங்டன் நூலகம் செய்திருக்கிறது.

பேட்டரி தீர்ந்த விழாவின் எழுத்தாளரைப் போன மாதம் அவர் வீட்டில் பார்த்தேன். அன்றைக்கு விட்டுப்போன பத்தியை வாசித்துக் காட்டுங்கள் சார் என்றதும் சிரித்தார். 'அதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?' போனை மேசைமேல் வைத்தேன். மின்விசிறியை நிறுத்தினார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். உள்ளே குக்கர் மூன்று விசில் விட்டு அடங்கும்வரை காத்திருந்து வாசித்தார். நான் என் பிரதியில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தேன். மூன்றாவது வரியில் அச்சில் 'கிணற்றடி' என்று இருந்த இடத்தில் அவர் 'தொறவடி' என்றார். கடைசி வாக்கியத்தில் ஒரு 'ஆனால்' காணாமல் போயிருந்தது. அது இல்லாமல் வாக்கியம் இன்னும் நன்றாக நின்றது.

முடித்ததும் இரண்டு இடங்களையும் சுட்டிக் காட்டினேன். என் கையிலிருந்த பிரதியை வாங்கி, கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு, பக்கத்தை முகத்தருகே கொண்டுபோனார்.

'அட, புஸ்தகத்துல அப்படியா இருக்கு?'