பாயிரம் படித்த பிள்ளைக்கு மனுவைப் படிக்கத் தெரியுமா?

பள்ளித் தேர்வுகளில் பல ஆண்டுகள் மாநிலத்துக்கே முன்னால் நின்ற மாவட்டம் விருதுநகர். 2018-ல் பிளஸ் டூ தேர்ச்சி 97 சதவீதத்தைத் தாண்டி மீண்டும் முதலிடம் பெற்றது. அதே ஆண்டு பதினொன்றாம் வகுப்புக்குப் புதிய தமிழ்ப் பாடநூல் வந்தது. அதன் முதல் இயலிலேயே நன்னூல் என்ற இலக்கண நூலின் பாயிரம், அதாவது முன்னுரை, இருக்கிறது. ஒரு நூல் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது, யாருக்காக அப்படி அடுக்கப்பட்டது என்று கேட்கப் பழக்குவதற்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடைப்பது அரிது. அந்தப் பழக்கம் வகுப்பறையில் வருகிறதா என்பதே என் கேள்வி.

நன்னூலின் ஆசிரியர் பவணந்தி பதின்மூன்றாம் நூற்றாண்டில் வகுத்துக் கொடுத்தது சாதாரணக் கருவி அல்ல. நூலை ஆக்கியவர் யார், எந்த வழியில் வந்தது, எது எல்லை, என்ன பெயர், யாப்பு என்ன, எதைப் பற்றியது, கேட்போர் யார், பயன் என்ன என்று சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்திகளைக் கேட்கிறது. காலம், களம், காரணம் என்று மேலும் மூன்றைச் சேர்ப்போரும் உண்டு. பொதுப்பாயிரம் நூலுக்குப் பத்துக் குற்றமும் பத்து அழகும் முப்பத்திரண்டு உத்தியும் சொல்கிறது. அழகுகளில் ஒன்று முறையின் வைப்பு, அதாவது கருத்துகளை உரிய வரிசையில் வைத்தல். குற்றங்களில் ஒன்று சென்று தேய்ந்து இறுதல், அதாவது போகப் போக நலிந்து முடிதல். கட்டுரை திருத்தும் எந்த ஆசிரியருக்கும் இந்த இரண்டின் பொருளும் நன்றாகவே தெரியும்.

ஆனால் பிள்ளைகள் இதைப் பட்டியலாகவே சந்திக்கிறார்கள். பாயிரத்தின் வேறு பெயர்கள் யாவை, பொதுப்பாயிரம் எவற்றைக் கூறும், சிறப்புப் பாயிரம் எவற்றைக் கூறும் என்ற கேள்விகளுக்கு விடை எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். எட்டையும் ஒப்பித்த பிள்ளையிடம் முன்பின் படிக்காத ஒரு பத்தியைக் கொடுத்து, “இதைக் கேட்போர் யார்?” என்று ஒருமுறைகூடக் கேட்காமல் பாடம் முடிந்துவிடுகிறது.

மேலைநாட்டுப் பள்ளிகளில் வேறு வழி இருக்கிறது. அமெரிக்காவில் 2010-ல் வந்த பொதுத் தரநிலைகள், இரண்டு நூல்களின் அமைப்பை ஒப்பிட்டு, அந்த வேறுபாடு பொருளையும் நடையையும் எப்படி மாற்றுகிறது என்று ஆராய எட்டாம் வகுப்புப் பிள்ளையை எதிர்பார்க்கின்றன. குறிக்கோள் சிறந்தது. நடைமுறையில் அங்கே பிள்ளை கையில் பெரும்பாலும் கிடைப்பது ஐந்து முத்திரைகள்: வருணனை, வரிசைமுறை, ஒப்பீடு, காரணமும் விளைவும், சிக்கலும் தீர்வும். இவை போதுமா என்று நம் ஊர்ச் சரக்கிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

2018 அக்டோபர் 23-ல் பட்டாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-ல் டெல்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் தாக்கலான மனுவிலிருந்து அது தொடங்குகிறது. பிறகு முந்தைய உத்தரவுகள், இரு தரப்பு வாதங்கள், உயிர்வாழும் உரிமையையும் தொழில் செய்யும் உரிமையையும் எடைபோடும் பகுதி. உத்தரவுகள் கடைசியில்தான். செய்தித்தாளின் வழக்கமோ இதற்குத் தலைகீழ். தீபாவளியன்று இரவு 8 முதல் 10 வரை மட்டும், பேரியம் கூடாது, சரவெடிக்குத் தடை என்பது முதல் பத்தியில் வந்துவிடும். குழந்தைகள் கடைசிப் பத்திக்குப் போவார்கள். இடம் பற்றாவிட்டால் அதுவும் இல்லை.

தீர்ப்பைத் தொடர்ந்து சிவகாசி வட்டாரத்தில் பட்டாசு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. இப்போது மூன்றாவதாக, வேலை இழந்த ஒரு தொழிலாளியின் மனுவை வைத்துக்கொள்வோம். விருதுநகரில் சூலக்கரையை ஒட்டிய கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு எடுத்துப் போகிற மனு. அனுப்புநர், பெறுநர், பொருள், பிறகு “ஐயா, வணக்கம்.” அதன்பின் குடும்ப நிலை, எத்தனை ஆண்டாக அந்த வேலை, எப்போதிருந்து கூலி இல்லை, வட்டிக்கு வாங்கிய கடன். வேண்டுகோள் முடிவில். கை தேர்ந்த மனு எழுதுபவர் அந்த வேண்டுகோளைப் ‘பொருள்’ என்ற ஒற்றை வரியில் முன்கூட்டியே வைத்துவிடுவார். ஒரே காலையில் நூற்றுக்கணக்கான மனுக்களைப் புரட்டும் அதிகாரிக்காக அந்த வரி. கீழே உள்ள வரிசை, இழந்தவர் தன் இழப்பைச் சொல்லும் வரிசை.

ஐந்து முத்திரைகளை இங்கே ஒட்டிப் பாருங்கள். தீர்ப்பு சிக்கலும் தீர்வும், செய்தியும் அதுவே, மனுவும் அதுவே. மூன்றும் ஒரே பெட்டிக்குள் விழுகின்றன. எது வேறுபடுத்துகிறதோ அது கைநழுவிப் போகிறது. கேட்போர் யார், பயன் என்ன என்ற பாயிரக் கேள்விகளைப் போட்டால் மூன்றும் உடனே பிரிகின்றன. தீர்ப்பு குழந்தையின் மூச்சை முதலில் வைக்கிறது; அதனால் பிழைப்பு அதற்கு எதிரெடையாகத்தான் பின்னால் நுழைய முடிகிறது. மனுவில் பிழைப்பே முதலில் நிற்கிறது. செய்தி இரண்டையும் விட்டு மணிக்கணக்கைப் பிடித்துக்கொள்கிறது. வரிசையே ஒரு வாதம். இதைக் கண்டுகொண்ட பிள்ளை அடுத்த முறை எந்த அறிக்கையைப் படித்தாலும், முதலில் வைத்தது எது, கடைசிக்குத் தள்ளியது எது என்று தேடும்.

அதற்காக நன்னூலைக் குறையற்றது என்று சொல்லிவிட முடியாது. அது இலக்கண நூலை மனத்தில் வைத்து எழுந்தது. கூறியது கூறலைக் குற்றம் என்கிறது. ஐங்குறுநூற்றில் ஒரே பொருளைப் பத்துப் பாட்டாக அடுக்கியிருப்பதை அந்த அளவுகோல் எப்படி எடைபோடும்? களவன் பத்தில் நண்டு திரும்பத் திரும்ப வருகிறது. அந்த அடுக்கில்தான் தலைவியின் மனக்குறை கனம் ஏறுகிறது. அகநானூற்றின் அடுக்கு வேறு. ஒற்றைப்படை எண் எல்லாம் பாலை, 2, 8 என முடிவன குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், பத்துப் பத்தாக வருவன நெய்தல். ஆக நானூற்றில் இருநூறு, பிரிவைப் பாடும் பாலை. வரிசையாகப் படிக்கிறவர் ஒன்றுவிட்டு ஒரு பாட்டில் பிரிவைச் சந்தித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்து திணையும் இரண்டிலும் உண்டு. அடுக்கு வேறானதால் படிக்கும் அனுபவமே வேறாகிறது. இப்படிப்பட்ட தொகுப்பின் அழகைச் சொல்ல நன்னூல் உத்திகள் மட்டும் போதா.

அமைப்பைப் பிரித்துப் பார்த்தால் இலக்கியச் சுவை கெடும் என்று அஞ்சும் தமிழாசிரியர்கள் இருக்கிறார்கள். அச்சம் நியாயமானதே, முத்திரை குத்துவதோடு நின்றால் கெடத்தான் செய்யும். ஆனால் ஓர் அதிகாரத்தின் பத்துக் குறளைத் தனித்தனிச் சீட்டில் எழுதிக் கலைத்துப் போட்டு, வரிசைப்படுத்தச் சொல்லிப் பாருங்கள். எது முதலில் என்று பெஞ்சுக்குப் பெஞ்சு வழக்கு நடக்கும். பிறகு பரிமேலழகர் வரிசையையும் மணக்குடவர் வரிசையையும் கரும்பலகையில் எழுதுங்கள். இரு பெரிய உரையாசிரியர்களே ஒத்துப்போகவில்லை என்று தெரிந்ததும் பிள்ளைகள் அந்தக் குறட்பாக்களை எத்தனை முறை திரும்பப் படிப்பார்கள்! சுவை அந்தத் திரும்பப் படிப்பில்தான் ஊறுகிறது.

நேரமில்லை, பொதுத்தேர்வு நெருக்குகிறது என்பது இன்னொரு மறுப்பு. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு பிளஸ் ஒன் பொதுத்தேர்வு போய்விட்டது. பாயிரம் இருப்பது அந்த வகுப்பில்தான். தேர்ச்சி விழுக்காட்டைச் சொல்லி இனித் தப்பிக்க இடமில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. பாயிரத்தைப் பாடமாக வைத்தது சரி; அதை மனப்பாடத்தோடு நிறுத்தியது பிழை; ஐந்து முத்திரைகளை இறக்குமதி செய்து அந்தப் பிழையைத் திருத்த முடியாது. முப்பத்திரண்டு உத்தியும் ஒப்பிக்கத் தெரிய வேண்டாம். கேட்போர், பயன், முறையின் வைப்பு என்ற மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரே செய்தியைச் சொல்லும் இரண்டு பத்திகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். விருதுநகர் மாவட்டத்து வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களிடம் நான் கேட்பது, வரும் காலாண்டுத் தேர்வில் அப்படி ஒரே ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வி.