நடுவில் உட்கார்ந்த 12

அடுத்தடுத்த மூன்று எண்களின் கூடுதல் 72. அந்த எண்கள் யாவை? பள்ளியில் முதல் எண்ணைப் பிடித்துக்கொண்டு, அதனுடன் 1 கூட்டி, 2 கூட்டி, சமன்பாடு எழுதுவோம். விடை வரும், ருசி வராது. நடு எண்ணைப் பிடித்துப் பாருங்கள். அதன் முன்னியில் ஒன்று குறைகிறது, தொடரியில் ஒன்று மிகுகிறது. குறையும் மிகையும் கழிந்துபோக, நிற்பது நடு எண்ணின் மூன்று மடங்குதான். 72-ஐ மூன்றால் வகுத்தால் 24; இரு தோளிலும் 23, 25. பேனாவே வேண்டாம்.

பேனா இல்லாமல் கணக்குப் போடும் பிள்ளைகளை ரஷ்ய ஓவியர் பொக்தானவ்-பேல்ஸ்கி 1895-இல் தீட்டியிருக்கிறார். மாஸ்கோவின் திரெத்யாகோவ் கலைக்கூடத்தில் இருக்கும் ஓவியம். கிராமப் பள்ளி, மரப்பட்டைச் செருப்பு அணிந்த சிறுவர்கள் மனக்கணக்கில் மூழ்கியிருக்க, ஒருவன் மட்டும் வாத்தியார் காதில் விடையைக் கிசுகிசுக்கிறான். அந்த வாத்தியார் ராச்சின்ஸ்கி, தாவரவியல் பேராசிரியர் வேலையை விட்டுவிட்டுக் கிராமத்துக்கு வந்தவர். ஓவியரும் அவர் மாணவர்தான்.

கரும்பலகையில் உள்ள கணக்கு: 10, 11, 12, 13, 14 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டி 365-ஆல் வகுக்க வேண்டும்.

இங்கும் நடு எண்ணைப் பிடிக்கலாம். 12-இன் வர்க்கம் 144. ஐந்து மடங்கு 720. வர்க்கம் என்று வந்துவிட்டால் குறையும் மிகையும் முழுக்கக் கழிவதில்லை, கொஞ்சம் மிச்சம் வைக்கும்: பக்கத்து எண்களுக்கு ஒவ்வொன்று, கடைசி எண்களுக்கு நான்கு நான்கு, ஆக 10. மொத்தம் 730. விடை 2.

ஆனால் வாத்தியாரின் குறும்பு இனிமேல்தான். 10, 11, 12-இன் வர்க்கங்கள் சேர்ந்தாலே 365. 13, 14-இன் வர்க்கங்கள் சேர்ந்தாலும் 365! எப்படி? 12-ஐக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். 14-இன் வர்க்கம் 10-இன் வர்க்கத்தைவிட 96 அதிகம். 13-இன் வர்க்கம் 11-இன் வர்க்கத்தைவிட 48 அதிகம். பெரியவர்கள் பக்கம் தராசு 144 தாழ்ந்து நிற்கிறது. அது 12-இன் வர்க்கமேதான்! 12 சின்னவர்கள் பக்கம் போய் உட்கார்ந்ததும் முள் நேராகிறது.

நாம் எல்லோரும் அறிந்த 3, 4, 5 முக்கோணமும் இதே குடும்பம். அங்கே 4 நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஐந்து எண் வரிசைக்கு 12. அடுத்தது ஏழு எண் வரிசை: 21 முதல் 27 வரை. முதல் நான்கின் வர்க்கங்கள் 2030, பின் மூன்றின் வர்க்கங்களும் 2030. நடுவில் யார் என்று எண்ணிப் பாருங்கள்: நம் பழைய 24.