‘ஜோக்கர்’ திரைப்படத்தில் உவகையும் அழுகையும் நகையும்: மெய்ப்பாட்டியல் நோக்கு

முன்னுரை

ராஜுமுருகன் இயக்கத்தில் 2016ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வெளிவந்த ‘ஜோக்கர்’, 64ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமாகத் தெரிவுசெய்யப்பட்டது. அதில் இடம்பெற்ற காதற் பாடலைப் பாடிய சுந்தரய்யர் சிறந்த பின்னணிப் பாடகருக்கான விருதினைப் பெற்றார். காதல், துன்பம், நகைச்சுவை ஆகிய மூன்றும் கலந்த படம் என்பதே இதன் ஈர்ப்புக்குப் பொதுவாகக் கூறப்படும் காரணமாகும். இம்மூன்றும் கலந்த படங்கள் தமிழில் பல உள. அவற்றுள் நகைச்சுவை பெரும்பாலும் கதையிலிருந்து பிரித்தெடுக்கத்தக்க தனிப்பகுதியாகவே அமையும். ‘ஜோக்கர்’ படத்திலோ நகையை நீக்கினால் கதையே இல்லை. இவ்வேறுபாட்டைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

உவகையும் கழிப்பறையும்

தருமபுரி மாவட்டச் சிற்றூரைச் சேர்ந்த தொழிலாளி மன்னர் மன்னன். அவன் விரும்பும் மல்லி, மணமுடித்துச் செல்லும் வீட்டில் கழிப்பறை இருக்கவேண்டும் என்கிறாள். முல்லைக்கலியில் ஏறு தழுவியவனே தலைவியை அடைதற்குரியவன். இங்கோ தலைவன் அரசு அலுவலகப் படிகளைத் தழுவ வேண்டியிருக்கிறது. உவகையின் நிலைக்களன்களாகத் தொல்காப்பியம் சுட்டும் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு ஆகிய நான்கனுள் செல்வம் என்பது இவ்வீட்டில் ஒரு கழிப்பறை அளவாகச் சுருங்கிவிடுகிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழக ஊரகப் பகுதிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று வீடுகளில் கழிப்பறை இல்லை. ஆதலின் மல்லியின் நிபந்தனை கதைக்காகப் புனைந்த விந்தை அன்று. பெண்ணொருத்தி தன் மானத்திற்காகக் கேட்கும் மிகக் குறைந்த விலை எனலாம்.

அழுகையின் நான்கு நிலைக்களன்கள்

முறைகேடுகளுக்கிடையே அரைகுறையாக எழுந்த அக்கழிப்பறை இடிந்து விழ, கருவுற்றிருந்த மல்லி நினைவிழந்து படுக்கையில் கிடக்கிறாள். இளிவு, இழவு, அசைவு, வறுமை எனத் தொல்காப்பியர் கூறும் அழுகையின் நிலைக்களன்கள் நான்கும் இங்கு ஒருங்கே அமைகின்றன. அலுவலர்முன் சிறுமைப்படுதல் இளிவு. பிறவாக் குழவியைப் பறிகொடுத்தல் இழவு. துள்ளித் திரிந்தவள் அசைவற்ற உடலாக மாறியமை அசைவு. இவை அனைத்திற்கும் அடித்தளமாக நிற்பது வறுமை. மனைவியைக் கருணைக்கொலை செய்ய இசைவு வேண்டி அவன் நீதிமன்றம் செல்கிறான். உயிர்காக்கும் மருத்துவத்தை விலக்கிக்கொள்வதைக் கட்டுப்பாடுகளுடன் ஏற்ற 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பிற்கும், மாண்புடன் இறக்கும் உரிமையை உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு அறிந்தேற்ற 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பிற்கும் இடைப்பட்ட காலத்தில் இப்படம் வெளிவந்தது. மாண்புடன் இறத்தல் குறித்து விவாதித்த நாட்டில், மாண்புடன் வாழ்தல் ஏன் வாய்க்கவில்லை என்பதே படம் எழுப்பும் வினா.

நகை இடம்பெயர்தல்

நிகழ்ச்சிகளின் கால வரிசை உவகை, அழுகை, நகை என்பதாகும். படம் இவ்வரிசையை மாற்றி நகையை முதலில் வைக்கிறது. தன்னைக் குடியரசுத் தலைவராக அறிவித்துக்கொண்டு ஆணைகள் பிறப்பிக்கும் ஒருவனையே பார்வையாளர் முதலிற் காண்கின்றனர், சிரிக்கின்றனர். காரணம் பின்னரே தெரியவருகிறது.

எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன நகையின் நிலைக்களன்கள். தொடக்கத்தில் மன்னர் மன்னனின் செயல்கள் பேதைமையாகத் தோன்றுகின்றன. மடன் என்பதற்குப் பிறர் அறிவுறுத்தியதை ஏற்று, ஏற்றதை விடாது பற்றுதல் என உரை விளக்கம் உண்டு. மக்களே இந்நாட்டின் தலைவர் என மக்களாட்சி கற்பித்ததை அவன் சொல்லுக்குச் சொல் மெய்யெனக் கொண்டு விடாது பற்றுகிறான். ஆகவே அவனிடம் உள்ளது பேதைமை அன்று, மடன். கதை வளர வளர அதுவும் எள்ளலாக மாறுகிறது. ஊரால் எள்ளப்பட்டவன் ஆட்சியமைப்பை எள்ளுகிறான். இவ்வாறு நகையின் நிலைக்களன் இடம்பெயர்வதால், முன்னர்ச் சிரித்த சிரிப்பிற்குப் பார்வையாளர் நாணவேண்டியவராகின்றனர். படத்தின் ஈர்ப்பு இந்நாணத்திலேயே உள்ளது.

இவ்விளைவிற்கு நடிப்பு பெருந்துணை புரிகிறது. கூத்துப்பட்டறையில் பயின்ற குரு சோமசுந்தரம், சிரிப்பூட்டும் முயற்சி சிறிதுமின்றி ஆணைகளைப் பிறப்பிக்கிறார். பாத்திரம் தன்னை நகைப்பிற்குரியதாகக் கருதாமையே நகையை ஆழப்படுத்துகிறது.

குறைகள்

படத்தின் இறுதியில் பொன்னூஞ்சல் (மு. ராமசாமி) ஆற்றும் நீண்ட உரை, காட்சிகள் முன்னரே உணர்த்திய கருத்தை வெளிப்படையாகக் கூறிவிடுகிறது. குறிப்பாற் பெற்றதைச் சொல்லாலும் தரும்பொழுது மெய்ப்பாடு மெலிகிறது. மற்றொரு குறை இதனினும் பெரிது. கதையை இயக்கும் விருப்பம் மல்லியுடையது. அவள் நினைவிழந்தபின் அவ்விருப்பம் கணவனின் போராட்டமாக மட்டுமே எஞ்சுகிறது. அவளுடைய உயிரைப் பற்றி நீதிமன்றத்தில் பேசப்படும்பொழுதும் அவள் குரலுக்கு அங்கு இடமில்லை.

முடிவுரை

‘ஜோக்கர்’ படத்தில் நகை, துன்பத்திற்கு இடையே வைக்கப்பட்ட இளைப்பாறல் அன்று. அழமுடியாத நிலையில் அழுகை மேற்கொண்ட வடிவமே நகை. காதலின் எளிய வேண்டுகோள் ஒன்று மறுக்கப்பட்டதிலிருந்து அது பிறக்கிறது. மூன்று சுவைகளையும் அடுக்கி வைக்காமல் ஒன்றிலிருந்து மற்றொன்றைத் தோற்றுவித்தமையே இப்படத்தின் தனித்தன்மை. மெய்ப்பாட்டியல் பண்டைச் செய்யுளுக்கு மட்டுமன்றி, இக்காலத் திரைக்கலைத் திறனாய்வுக்கும் பயன்படும் என்பதற்கு இஃது ஒரு சான்றாகும்.