தன்னை மறைத்த நடிகர்

நடிகர் என்றதும் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது ஒரு முகம். எந்தப் பாத்திரத்தை ஏற்றாலும் அந்த முகம் மேலோங்கி நிற்க வேண்டும் என்பதே இரசிகரின் எதிர்பார்ப்பு. இதற்கு நேர்மாறான பாதையில் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் நடந்தவர் ஆங்கிலேய நடிகர் அலெக் கின்னஸ் (1914-2000). 1949-இல் வெளிவந்த ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரோனெட்ஸ்’ திரைப்படத்தில் ஒரே பிரபுக் குடும்பத்தின் எட்டு உறுப்பினராக அவரே தோன்றினார். அவர்களுள் ஒருவர் பெண்மணி. எட்டுப் பேரும் வெவ்வேறு மனிதர். நடித்தவரின் சொந்த முகம் எது என்று மட்டும் நமக்குத் தெரிவதில்லை.

இந்தத் தன்மறைவைத் தாழ்ச்சி என்று போற்றுவதா, தப்பித்தல் என்று ஐயுறுவதா? இலண்டனில் பிறந்த அவரது பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர் இல்லை. தம் தந்தை யார் என்பதை அவர் இறுதிவரை உறுதியாக அறிந்ததும் இல்லை. சொந்த முகவரி இல்லாத சிறுவன் பிறர் வேடங்களில் அடைக்கலம் தேடினான் என்று சொல்வது எளிது. தொடக்கம் அவ்வாறே இருந்திருக்கலாம். ஆனால் ஒருவர் தொடங்கிய இடத்தைக் கொண்டு மட்டும் அவரது கலையை அளந்துவிட முடியாது.

செஸ்டர்டன் படைத்த துப்பறியும் குருவானவராக அவர் நடித்த ‘ஃபாதர் பிரவுன்’ 1954-இல் வெளிவந்தது. பிரான்சு நாட்டுச் சிற்றூர் ஒன்றில் படப்பிடிப்பு நடந்தபோது, ஒரு நாள் மாலை குருவின் அங்கியோடு அவர் நடந்து சென்றார். அவரை உண்மையான குரு என்றெண்ணிய சிறுவன் ஒருவன் ஓடிவந்து கையைப் பற்றிக்கொண்டு, பேசியவாறே உடன் நடந்தான். அறிமுகமற்ற ஒருவரிடம் குழந்தைக்கு இத்தகைய நம்பிக்கையைத் தந்த அந்த உடை, கத்தோலிக்கர் மீது தமக்கிருந்த பழைய வெறுப்பைக் குலைத்தது என்று அவர் பின்னர் எழுதினார். அவருடைய ஒரே மகன் பதினொரு வயதில் இளம்பிள்ளை வாதத்தால் நடக்க இயலாமல் கிடந்த நாள்களில், வழியில் இருந்த கத்தோலிக்க ஆலயத்தில் அமர்ந்து செபிப்பதும் அவரது வழக்கமாயிற்று. மகன் நலமடைந்தான். 1956-இல் கின்னஸ் திருச்சபையில் சேர்ந்தார்.

அதற்கு அடுத்த ஆண்டு வெளிவந்ததே டேவிட் லீன் இயக்கிய ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’. இலங்கையில், களனி ஆற்றங்கரையிலுள்ள கித்துல்கலையில் அது படமாக்கப்பட்டது. அவர் அங்கிருந்த காலத்தில்தான் அவருடைய மனைவியும் கத்தோலிக்கரானார். சிறந்த நடிகருக்கான ஆஸ்கார் விருதை அவருக்குப் பெற்றுத் தந்தது இந்தப் படம். ஜப்பானியரிடம் சிறைப்பட்ட ஆங்கிலேயக் கர்னல் நிக்கல்சனாக அவர் வருகிறார். அதிகாரிகளை உடலுழைப்பில் ஈடுபடுத்தலாகாது என்று வாதாடித் தகரக் கொட்டிலில் அடைக்கப்படுகிறார், பணிய மறுக்கிறார். வெளியே கொண்டுவரப்படும்போது, கால்கள் தள்ளாட, நிமிர்ந்தே நடக்க முயல்கிறார். அந்த நடையை நோயிலிருந்து மீண்ட தம் மகனின் நடையிலிருந்து எடுத்ததாகக் கின்னஸ் கூறியிருக்கிறார். வீரத்தைக் காட்ட வேண்டிய இடத்தில் குழந்தையின் இயலாமையை வைத்ததால்தான், அந்தக் காட்சி வெறும் வீரமாகாமல் மனித உறுதியாயிற்று.

பின்னர் அதே கர்னல், ஒழுங்கின் மீதுள்ள பற்றினால், எதிரிக்கு மிகச் சிறந்த பாலத்தைக் கட்டித் தருகிறார். தாம் செய்தது என்ன என்பதை இறுதிக் கணத்திலேயே உணர்கிறார். விவேகம் வழிகாட்டாத மனத்திடம் நற்பண்பாகாது என்பது புனித தோமா அக்குவினாரின் போதனை. நூல்களில் படித்த அந்த உண்மையைக் கின்னஸின் முகத்தில் காண்கிறோம். நல்லவர் ஒருவர் தம் நற்பண்பினாலேயே வழிதவறுவதை அவர் கேலியின்றிக் காட்டுகிறார்.

அவரது கலை முழுமை பெற்றது, என் கணிப்பில், தொலைக்காட்சியில். பி.பி.சி. 1979-இல் ஏழு பகுதிகளாகவும் 1982-இல் ஆறு பகுதிகளாகவும் ஒளிபரப்பிய ஜான் லெ காரே கதைகளில், உளவுத்துறை அதிகாரி ஜார்ஜ் ஸ்மைலியாக அவர் நடித்தார். இத்தொடர்களில் அவர் செய்வது பெரும்பாலும் ஒன்றே: பிறர் பேசுவதைக் கேட்பது. கேட்பவரின் அமைதியில் பேசுபவர் தம்மையே வெளிப்படுத்திவிடுகிறார். ஒப்புரவு அருட்சாதனத்தில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்தவர்களுக்கு அந்த அமைதியின் கனம் தெரியும். ஆனால் ஸ்மைலி கேட்பது மன்னிப்பதற்காக அன்று, பிடிப்பதற்காக. இறுதியில் வெற்றி பெற்றும் அவர் மகிழாததன் காரணம் அதுவே.

குறையையும் சொல்லியாக வேண்டும். 1948-இல் ‘ஆலிவர் ட்விஸ்ட்’ படத்தில் பெரிய பொய்மூக்குடன் யூதர் ஃபேகினாகத் தோன்றினார். யூதப் படுகொலை முடிந்து மூன்றே ஆண்டுகள். பெர்லினில் யூதர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அமெரிக்காவில் 1951-இல்தான், சில காட்சிகள் வெட்டப்பட்டு, படம் திரைக்கு வந்தது. 1984-இல் ‘எ பாஸேஜ் டு இந்தியா’வில் முகத்துக்கு நிறம் பூசிப் பேராசிரியர் கோட்போலேயாக நடித்தார். அங்கே நாம் காண்பது ஓர் இந்தியரை அன்று; இந்தியர் எப்படியிருப்பார் என்ற ஆங்கிலேயரின் எண்ணத்தை. தன்னை மறைப்பது வேறு, பிறரை மறைப்பது வேறு.

இந்த வேறுபாட்டைக் குவாய் படமும் நமக்கு உணர்த்துகிறது. 1942-43-இல் உண்மையாகவே போடப்பட்ட சயாம்-பர்மா இரயில் பாதையில் 12,000-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் மாண்டனர். அவர்களைவிடப் பன்மடங்கு மாண்டோர் ஆசியத் தொழிலாளர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பலர் அவர்களுள் அடங்குவர். படத்தில் அந்தத் தமிழருக்கு இடமில்லை. இது நடிகரின் பிழையன்று. ஆயினும் அந்தத் தள்ளாடும் நடையைக் காணும் தமிழ் வாசகர், காட்டப்படாத அக்கால்களையும் நினைத்துக்கொள்வது கடமை. ஒரு தந்தை தம் மகனின் நோயுற்ற கால்களைக் கூர்ந்து நோக்கியதால் பிறந்த காட்சி அது. அதே கூர்மையோடு நாம் யாரை நோக்கத் தவறினோம் என்பதே அந்தப் படம் நம்மிடம் விட்டுச்செல்லும் கேள்வி.