தொக்கணம்: கொங்கு மண்ணில் கூடிய மரபுகளும் அவற்றின் அளவுகோல்களும்

உடலைக் கையால் தட்டியும் பிடித்தும் அழுத்தியும் நீவியும் நோயைத் தணிக்கும் முறையைச் சித்த மருத்துவம் தொக்கணம் என்றும், வடமொழி மருத்துவ நூல்கள் மர்த்தனம், அப்யங்கம் என்றும் வழங்குகின்றன. சித்தர்கள் மருந்துகளை அக மருந்து 32, புற மருந்து 32 எனப் பகுத்தபோது, கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு, வேது, பொட்டணம் ஆகியவற்றின் வரிசையில் தொக்கணத்தையும் புற மருந்துகளுள் ஒன்றாக வைத்தனர். உடல் அலுப்பைப் போக்கும் இன்பப் பொழுதுபோக்காக அதனை அவர்கள் கருதவில்லை. மருந்து எனின் அதற்கு அளவு உண்டு, காலம் உண்டு, பத்தியம் உண்டு, கொடுக்கத் தகாத நிலைகளும் உண்டு. இந்த நான்கையும் காத்த மரபுகளே நிலைத்தன என்பதும், இவற்றைக் கைவிட்ட இடங்களில் தொக்கணம் தீங்காக முடிந்தது என்பதும் இக்கலையின் வரலாறு உணர்த்தும் உண்மைகளாகும்.

இம்மரபுகளை ஒப்பிட்டு ஆராய உடுமலைப்பேட்டை வட்டாரம் மிகவும் ஏற்ற நிலமாகும். கிழக்கே சித்தர் போகரின் நினைவோடு சித்த மருத்துவம் வேரூன்றிய பழனியும், மேற்கே பொள்ளாச்சி வழியாகக் கேரள வைத்தியம் வந்து சேர்ந்த பாலக்காட்டுக் கணவாயும், தெற்கே மூலிகை வளம் நிறைந்த ஆனைமலைத் தொடரும் சூழ்ந்திருக்க, ஊருக்குள் எண்ணெய் முழுக்கை வாழ்க்கை ஒழுங்காகவே கொண்ட கொங்குக் குடும்பங்கள் வாழ்ந்துவருகின்றன.

ஒன்பது வகைத் தொக்கணம்

சித்த மருத்துவம் தொக்கணத்தைத் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பதாக வகுக்கிறது. உள்ளங்கையைக் குவித்தோ விரல் நுனிகளாலோ சீராக அடிப்பது தட்டல். உறுப்பைச் சுற்றிக் கையால் நெருக்கிப் பின் விடுவிப்பது இறுக்கல். தசையைப் பெருவிரலுக்கும் பிற விரல்களுக்கும் இடையே பற்றி எடுப்பது பிடித்தல். இரு கைகளாலும் பற்றி எதிர்த் திசைகளில் திருப்புவது முறுக்கல். நோயாளியின் கைகளைக் கட்டிய நிலையில் வைத்துத் தோளையும் முதுகையும் நெகிழ்த்துவது கைகட்டல் ஆகும். பெருவிரலாலோ உள்ளங்கையாலோ ஓரிடத்தில் எடையைச் செலுத்துவது அழுத்தல்; கைகால்களையும் விரல்களையும் நீளவாக்கில் இழுத்து மூட்டுக்கு இடங்கொடுப்பது இழுத்தல்; மல்லாந்து கிடத்திச் செய்வன மல்லாத்துதல்; மூட்டுகளை அவை இயல்பாக அசையும் எல்லைக்குள் அசைத்துக் கொடுப்பது அசைத்தல்.

எண்ணெய் இட்டும் இடாமலும் செய்யப்படும் இம்முறை, வளி (வாதம்), அழல் (பித்தம்), ஐயம் (கபம்) என்னும் மூன்றனுள் வளியின் கேட்டினால் வரும் வலி, இறுக்கம், மூட்டு அசையாமை, பக்கவாதம் போன்றவற்றுக்கே பெரிதும் வகுக்கப்பட்டது. யூகி முனிவர் மரபு வாத நோய்களை 80 எனக் கணக்கிடுவதால், அவற்றுக்கேற்ப எண்ணெயும் மாறுகிறது. தசை மெலிவுக்கு உளுந்துத் தைலமும், வலிக்கும் வீக்கத்துக்கும் வாத கேசரித் தைலம், கற்பூராதித் தைலம் போன்றனவும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. எந்த நோய்க்கு எந்த எண்ணெய், எந்தக் கைம்முறை என்ற தேர்வே இம்மரபில் மருத்துவரின் புலமையை அளக்கும் முதற்கோலாக விளங்குகிறது.

வர்ம வழி

கன்னியாகுமரிப் பகுதியில் ஆசான்களின் வழியே வளர்ந்த வர்ம மருத்துவம், உயிராற்றல் தங்கி இயங்குவதாகக் கருதப்படும் 108 இடங்களை அடிப்படையாகக் கொண்டது. இவற்றுள் 12 படுவர்மங்கள், 96 தொடுவர்மங்கள். அடிபட்டால் உயிருக்கே ஊறு தரும் இடங்கள் முன்னவை. தொடுதலாலும் தட்டலாலும் தூண்டப்பட்டுப் பயன் தருவன பின்னவை. வர்ம ஆசான் உடல் முழுவதையும் பிசைவதில்லை. குறித்த இடத்தில், குறித்த விரலால், குறித்த அளவு மட்டுமே அழுத்துகிறார். அந்த அளவை ‘மாத்திரை’ எனக் குறிப்பிடும் வழக்கமே, விசையையும் மருந்து போல நிறுத்துக் கொடுத்த மனப்போக்கைக் காட்டுகிறது. அடியால் நேர்ந்த கேட்டை நீக்கும் இளக்குமுறை, தடவுமுறை ஆகியன போர்க்கலையோடு இணைந்து வளர்ந்ததால், தாக்கத் தெரிந்த கை ஆற்றவும் தெரிந்திருக்க வேண்டும் என்பதை இம்மரபு மாணவருக்கு விதியாக்கியது.

கணவாய் வழி வந்த கேரள முறைகள்

ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயம் நாள்தோறும் எண்ணெய் தேய்த்துக்கொள்வதை அன்றாட ஒழுக்கங்களுள் ஒன்றாகக் கூறி, தலை, காது, பாதம் ஆகியவற்றுக்குச் சிறப்பிடம் தருகிறது. அதே இடத்தில் கபம் மிகுந்தவர், செரியாமை உடையவர், உடல் சுத்தி முறைகளை அப்போதுதான் முடித்தவர் ஆகியோருக்கு அதனை விலக்கவும் செய்கிறது. சுசுருத சங்கிதைக்கு உரை வகுத்த டல்ஹணர், எண்ணெய் மயிர்க்கால்களை அடைய 300 மாத்திரைப் பொழுதும், மச்சையை, அதாவது எலும்பின் உட்சோற்றை, அடைய 900 மாத்திரைப் பொழுதும் ஆகும் எனப் படிப்படியாகக் கணக்கிட்டார். எண்ணெய் எலும்புவரை ஊடுருவும் என்பதை இன்றைய உடலியல் ஏற்பதில்லை எனினும், ஒவ்வோர் இடத்துக்கும் போதிய நேரம் ஒதுக்க வேண்டும் என்னும் ஒழுங்கை அக்கணக்கு காத்துத் தந்தது.

இவ்வடிப்படையின் மேல் கேரளம் தனக்கே உரிய முறைகளை அமைத்தது. இளஞ்சூடான தைலத்தில் நனைத்த துணியைப் பிழிந்து ஊற்றிக்கொண்டே தேய்ப்பது பிழிச்சில். நவரை அரிசியைப் பாலிலும் குறுந்தொட்டிக் கஷாயத்திலும் வேகவைத்து, துணியில் கட்டிய கிழியால் ஒற்றித் தேய்ப்பது ஞவரக்கிழி. களரிப் பயிற்சியாளரின் உடலைக் குழைவாக்க, ஆசான் மேலே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதத்தால் நீவுவது சவிட்டி உழிச்சல். 7, 14, 21 நாள் என நடைபெறும் இச்சிகிச்சைகளுக்குப் பின் குறைந்தது அதே அளவு நாட்கள் ஓய்வும் பத்தியமும் விதிக்கப்படுவது கவனிக்கத் தக்கது. 1902-இல் பி. எஸ். வாரியர் கோட்டக்கல்லில் ஆரிய வைத்திய சாலையை நிறுவியதும், 1943-இல் பி. வி. ராம வாரியர் கோயம்புத்தூரில் ஆரிய வைத்திய பார்மசியை நிறுவியதும் இம்முறைகளைக் கொங்கு மக்களுக்கு அருகில் கொண்டுவந்து சேர்த்தன.

இல்லங்களில் வாழும் மரபு

சித்தர் தேரையரின் பிணியணுகா விதி நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கைப் பரிந்துரைக்கிறது. கொங்கு வீடுகளில் ஆண்கள் புதன், சனியிலும் பெண்கள் செவ்வாய், வெள்ளியிலும் செக்கு நல்லெண்ணெய் தேய்த்து ஊறியபின், உசிலை இலையை உலர்த்தி இடித்த அரப்புத் தேய்த்து வெந்நீரில் குளிப்பது நெடுநாள் வழக்கம். பேறுகால வீடுகளில் தாய்க்கும் சேய்க்கும் எண்ணெய் தேய்த்துவிடும் பணியையும், சுளுக்கு நீவும் பணியையும் தலைமுறைகளாகச் செய்துவந்தவர்களுள் நாவிதர் குலத்து மருத்துவச்சிகள் முதன்மையானவர்கள். நூல் எழுதாத அவர்களுடைய கைத்திறன் இப்பகுதியின் மருத்துவ வரலாற்றில் உரிய இடத்தைப் பெற வேண்டும். பிற்காலத்தில் ஆழியாறில் அறிவுத் திருக்கோயிலை நிறுவிய வேதாத்திரி மகரிஷி (1911–2006), தம் எளியமுறை உடற்பயிற்சியில் உடல் தேய்த்தலையும் ஓர் அங்கமாகச் சேர்த்து, பிறர் கையை நாடாமல் தன் கையாலேயே தன் உடலைப் பேணும் வழியைப் பரப்பினார்.

உடலில் நிகழ்வன

மேலை நாட்டு மரபு, சுவீடனின் பெர் ஹென்ரிக் லிங் 1813-இல் ஸ்டாக்ஹோமில் நிறுவிய உடற்பயிற்சி நிலையத்தோடு தொடர்புபடுத்தப்படுகிறது. நீவல், பிசைதல், உராய்தல், தட்டல் என்னும் அதன் கைம்முறைகளை நெதர்லாந்து மருத்துவர் யோஹான் மெட்ஸ்கர் ஒழுங்குபடுத்தினார். அதிர்வூட்டலும் அவற்றோடு சேர்த்து எண்ணப்படுகிறது. தட்டல், பிடித்தல், முறுக்கல், அசைத்தல் ஆகியவற்றுக்கு இவற்றுள் இணை காண முடிகிறது. கைகட்டல், மல்லாத்துதல் ஆகிய நிலைசார்ந்த முறைகளுக்கு இணை இல்லை. திசையிலும் வேறுபாடு உண்டு: சுவீடன் முறை குருதி திரும்பும் போக்கில் இதயத்தை நோக்கி நீவுகிறது, ஆயுர்வேத அப்யங்கம் மயிர் படியும் போக்கில் தேய்க்கிறது, கொழுப்பையும் கபத்தையும் குறைக்கப் பொடியால் தேய்க்கும் உத்வர்த்தனமோ மயிருக்கு எதிர்ப்போக்கில் செல்கிறது.

தேய்க்கும்போது வலி ஏன் குறைகிறது என்பதற்கு 1965-இல் மெல்சாக், வால் ஆகிய இருவரும் முன்வைத்த வாயில் கோட்பாடு ஒரு விளக்கம் தந்தது: தொடுதலையும் அழுத்தத்தையும் கொண்டுசெல்லும் தடித்த நரம்பிழைகளின் செய்தி, முதுகுத்தண்டில் வலிச் செய்தியின் வழியை அடைத்துவிடுகிறது. 2012-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கடும் பயிற்சி செய்த 11 இளைஞர்களின் ஒரு காலை மட்டும் 10 நிமிடம் தேய்த்து, இரு கால்களின் தசைத் துணுக்குகளையும் ஒப்பிட்டனர். தேய்த்த காலில் அழற்சிக்கான அறிகுறிகள் குறைந்திருந்தன; உயிரணுவின் ஆற்றல் நிலையங்களான மைட்டோகாண்டிரியாக்களைப் பெருக்கும் தூண்டல் மிகுந்திருந்தது; லாக்டிக் அமிலம் வெளியேறிவிடும் என்ற நெடுநாள் நம்பிக்கைக்கு மட்டும் சான்று கிடைக்கவில்லை. 1986-இல் டிஃபானி ஃபீல்டு குழுவினர், குறைமாதக் குழந்தைகளை நாளுக்கு மூன்று முறை, முறைக்கு 15 நிமிடம் எனத் தடவிக் கொடுத்தபோது அக்குழந்தைகள் நாள்தோறும் 47 விழுக்காடு கூடுதலாக எடை பெற்றதைக் கண்டனர். கீழ்முதுகு வலிக்கு மசாஜ் குறுகிய காலப் பயனையே தருகிறது என்றும் அதற்கான சான்றின் வலு குறைவே என்றும் 2015-இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு கூறியது. தொக்கணத்தை மதிப்போர் இந்த முடிவுகள் அனைத்தையும் ஒருசேர ஏற்பதே நேர்மையாகும்.

அளவுகோல்கள்

எல்லா மரபுகளையும் அளக்க ஐந்து கோல்கள் போதும். முதலாவது, தொடுமுன் நோயறிதல். இரண்டாவது, விலக்கு: சுரம், தோல் புண், புதிய எலும்பு முறிவு, எலும்பு மெலிவு, குருதி உறையாதிருக்க மருந்து உண்ணும் நிலை ஆகியவற்றில் தொக்கணம் கூடாது. குறிப்பாக, ஒரு காலில் மட்டும் வலியோடு வீக்கம் இருப்பின், ஆழ்நாளத்தில் உறைந்த குருதி பெயர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும் என்பதால் அதனைத் தேய்ப்பது உயிருக்கே கேடாகும். கழுத்தை வெடுக்கெனத் திருப்பி நெட்டி முறிப்பதும், மூளைக்குச் செல்லும் தமனியைக் கிழித்துப் பக்கவாதத்தில் முடிய வாய்ப்புள்ள செயலாகும். குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுதல், மூக்கில் ஊதுதல், மார்புக் காம்பைப் பிதுக்குதல் ஆகிய பழக்கங்களும் கைவிடத் தக்கன. எண்ணெய் நுரையீரலுக்குள் சென்றால் நுரையீரல் அழற்சி (நிமோனியா) வரக்கூடும். மூன்றாவது, விசையின் அளவு. வலிக்க வலிக்க அழுத்துவதே சிறந்தது என்னும் எண்ணம் தவறானது. நான்காவது, உண்ட வயிறு தவிர்த்தல், பின்னர் ஓய்வு எனக் காலமும் பத்தியமும். ஐந்தாவது, பயிற்சி.

பயிற்சிக்கான அமைப்புகள் இன்று தமிழ்நாட்டில் உள்ளன. ஐந்தரை ஆண்டு சித்த மருத்துவப் பட்டப்படிப்பில் புற மருத்துவம் பாடமாக உள்ளது. தாம்பரத்தில் 2005-இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் மேற்படிப்பு நிலையில் வர்மமும் தொக்கணமும் பயிற்றப்படுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2010-இல் ஆயுர்வேதம், சீனத்தின் துய்னா, தாய்லாந்து மசாஜ் ஆகியவற்றுக்குப் பயிற்சித் தரநிலைகளை வெளியிட்டது. தாய்லாந்து மசாஜை 2019-இல் யுனெஸ்கோ மானுடத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. அந்நாடு தன் கலையை எழுதி வைத்து, ஒழுங்குபடுத்தி, தேர்வு வைத்துக் காத்ததன் பலன் அது.

ஒன்பது வகைத் தொக்கணத்தையும் 108 வர்மங்களையும் உடைய தமிழ் மருத்துவம் அத்தகுதியில் எவ்வகையிலும் குறைந்ததன்று. ஆதலால், கொங்குச் சிற்றூர்களில் எஞ்சியுள்ள மருத்துவச்சிகளின் கைம்முறைகளைச் சித்த மருத்துவ மாணவர்கள் நேரில் கற்று ஆவணமாக்க வேண்டும். பயன் தருவனவற்றை ஆய்வால் உறுதிசெய்து, தீங்கானவற்றைத் தயங்காமல் நீக்க வேண்டும். பொதுமக்கள், தம் உடலைப் பிறர் கையில் ஒப்படைக்குமுன், அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவிலோ பதிவு பெற்ற மருத்துவரிடமோ நோயை அறிந்துகொண்டு, அதன் பின்னரே தொக்கணத்தை நாட வேண்டும்.