டிடிஆர் வீட்டுப் பதிப்புகளை எதை வைத்து எடைபோடுவது?

போன மாதம் பரண் ஒழித்தபோது பழைய பிளேஸ்டேஷன் 2 பெட்டி கிடைத்தது. அதன் அடியில் நான்காக மடித்த ஒரு டான்ஸ் மேட். மடிப்பு விழுந்த இடத்தில் பிளாஸ்டிக் வெடித்திருந்தது. "இது என்னப்பா, யோகா மேட்டா? ஏன் அம்புக்குறி போட்டிருக்கு?" என்று மகள் கேட்டாள். பதில் சொல்ல ஆரம்பித்து, ரெண்டு வாரம் குறிப்பு எடுத்து, கடைசியில் இந்தக் கட்டுரையில் வந்து நிற்கிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன், சுருக்கமாக டிடிஆர், ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1998-ல் ஆர்கேடுக்கு, அதாவது காசு போட்டு விளையாடும் கடைகளுக்குக் கொண்டுவந்த விளையாட்டு. திரையில் நான்கு திசை அம்புகள் பாட்டின் தாளத்துக்கு ஏற்ப மேலேறி வரும். உச்சியில் இருக்கும் குறியை அம்பு தொடும் கணத்தில், காலடியில் உள்ள அதே திசைத் தட்டை மிதிக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. 1999 ஏப்ரலில் முதல் பிளேஸ்டேஷனுக்கு ஜப்பானில் வீட்டுப் பதிப்பு வந்தது. அதற்கப்புறம் ட்ரீம்காஸ்ட், நின்டெண்டோ 64, பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ், கேம்கியூப், வீ, எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3 என்று ஒன்று விடாமல் போட்டுத் தள்ளினார்கள். கையடக்கமான கேம்பாய் கலருக்குக்கூட ஒன்று உண்டு. அதற்குக் கால் மேட் ஏது? பொத்தான்களின் மேல் மாட்டிக்கொள்ள ஒரு குட்டி விரல் மேட் கொடுத்தார்கள்!

இந்தப் பதிப்புகளைப் பற்றி ரசிகர்கள் எழுதுவதை வாசித்தால் இரண்டு அளவுகோல்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, எத்தனை பாட்டு? இரண்டு, ஆர்கேடுக்கு எவ்வளவு நெருக்கம்? ரெண்டுமே தப்பான அளவுகோல் என்பது என் கட்சி. வீட்டுப் பதிப்பை ஆர்கேடின் நகலாகப் பார்த்தால் எல்லாமே தோல்விதான். அது சாதகம் பண்ணுகிற அறை. மேடைக்குப் போகும் வாசல் அந்த அறையில் திறந்திருந்த வரைக்கும் டிடிஆர் வீட்டுப் பதிப்பு உயிரோடு இருந்தது.

வீட்டுக்கு வராதவை

முதலில் நகல் ஏன் சாத்தியமே இல்லை என்று பார்த்துவிடலாம்.

ஆர்கேடில் காலடியில் இருப்பது இரும்புச் சட்டத்தில் பதித்த தட்டுகள். அது அசையாது. தட்டு எங்கே முடிகிறது என்று ஷூ போட்ட காலுக்கும் தெரியும். பின்னால் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டு. வீட்டு மேட்டில் இருப்பது மின்சாரம் கடத்தும் இரண்டு படலம், நடுவே துளை போட்ட மெல்லிய நுரை. மிதித்தால் துளை வழியாக மேல் படலம் கீழ்ப் படலத்தைத் தொடும், பொத்தான் அழுத்தப்பட்டதாகக் கணக்கு. மலிவான, புத்திசாலித்தனமான வடிவமைப்புதான். ஆனால் வேகமான பாட்டில் மேட் நம்மோடு சேர்ந்து நகரும். கீழே குனிந்து பார்த்தால் நாம் நிற்பது வேறு இடம். இந்தக் குறையை நம்பியே மேட் வியாபாரம் ஒன்று வளர்ந்தது. பின்னாளில் கிட்டார் ஹீரோவை வெளியிட்ட ரெட்ஆக்டேன், அதற்கு முன்பு உள்ளே தடித்த நுரை வைத்த டான்ஸ் மேட் விற்றுக்கொண்டிருந்த நிறுவனம்தான்.

அடுத்தது பாட்டுப் பட்டியல். ஆர்கேடில் ஒரு பாட்டைப் போட வாங்கும் உரிமம் வேறு, வீட்டுக் குறுந்தட்டில் விற்க வாங்கும் உரிமம் வேறு. நாட்டுக்கு நாடு அதுவும் மாறும். 2002 கடைசியில் ஜப்பான் ஆர்கேடுக்கு வந்த டிடிஆர் எக்ஸ்ட்ரீமில் 240 பாட்டு. 2003-ல் அதே பெயரில் ஜப்பான் பிளேஸ்டேஷன் 2 பதிப்பு வந்தது, அதில் பாதிகூட வரவில்லை. 2004-ல் அமெரிக்காவில் அதே பெயரில் இன்னொன்று வந்தது, அதன் பட்டியல் வேறு. ஒரே பெயரில் மூன்று சரக்கு. ஐரோப்பாவில் அப்போது தொடரின் பெயரே டான்சிங் ஸ்டேஜ் என்று இருந்தது. ஆக, பாட்டை எண்ணிப் பதிப்பை எடைபோடுவது என்பது கடைசியில் வக்கீல்களின் வேலைக்கு மார்க் போடுவதுதான்.

மூன்றாவது, கூட்டம். இதை விளக்க வேண்டியதில்லை. முன்னால் பத்துப் பேர் நின்று பார்க்கும்போது ஆடுவதும், ஹாலில் லுங்கியோடு ஆடுவதும் ஒன்றா?

வீட்டில் மட்டும் கிடைத்தவை

இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது.

ஆர்கேடில் ஒரு காசுக்கு மூன்று பாட்டு கிடைத்தால் பெரிய விஷயம். தடுமாறினால் பாட்டு பாதியில் நின்றுவிடும். கஷ்டமான இடம் பாட்டின் கடைசியில் இருந்தால், அதைப் பழகுவதற்கே ஒவ்வொரு முறையும் முன்பாதியைத் தாண்டி வர வேண்டும். வீட்டுப் பதிப்பின் ட்ரெயினிங் மோட் இதை உடைத்தது. எந்தப் பகுதி வேண்டுமோ அதை மட்டும் எடு, வேகத்தைக் குறை, திரும்பத் திரும்ப ஆடு. ஒரு கீர்த்தனையில் சங்கதி ஒன்று பிடிபடவில்லை என்றால் அந்த ஒரு வரியை மட்டும் கீழ்க்காலத்தில் பாடிப் பழகச் சொல்வார்கள் இல்லையா, அதேதான்.

இதைவிடப் பெரியது எடிட் மோட். நீங்களே ஒரு பாட்டுக்கு ஸ்டெப் எழுதலாம். எழுதியதை மெமரி கார்டில் சேமிக்கலாம். இதோடு நிற்காமல் கொனாமி 1999-ல் ஒரு காரியம் செய்தது. செகண்ட் மிக்ஸ் லிங்க் வெர்ஷன் என்ற ஆர்கேட் பதிப்பில், இயந்திரத்திலேயே பிளேஸ்டேஷன் மெமரி கார்டைச் செருக இடம் வைத்தார்கள். வீட்டில் எழுதிய ஸ்டெப்பை கார்டில் கொண்டுபோய் இரும்பு மேடையில் ஆடலாம். அங்கே வாங்கிய ஸ்கோரை கார்டிலேயே வீட்டுக்குக் கொண்டுவரலாம்.

பொறியாளனாக எனக்கு இதில் பிடித்தது, இது எப்படி எளிதில் முடிந்தது என்பதுதான். அன்றைய டிடிஆர் ஆர்கேட் இயந்திரத்தின் உள்ளே இருந்தது சிஸ்டம் 573 என்ற கொனாமி போர்டு. அதன் அடித்தளமே பிளேஸ்டேஷன் வன்பொருள். வீட்டுப் பெட்டியும் கடை இயந்திரமும் அண்ணன் தம்பி என்பதால் ஒரே கார்டு இரண்டுக்கும் புரிந்தது. கார்டின் மொத்தக் கொள்ளளவு 128 கேபி. இன்று ஒரு வாட்ஸப் படத்துக்குக்கூடப் பத்தாது. அந்த 128 கேபிக்குள் சாதக அறைக்கும் மேடைக்கும் நடுவே ஒரு வாசல் இருந்தது.

என் சொந்த அனுபவம்

2004-ல் ஆன்சைட் வேலையாக அமெரிக்காவில் இருந்தேன். ரூம்மேட் ஒருவன் டிடிஆர்மேக்ஸ் 2 அமெரிக்கப் பதிப்பும் மேட்டும் வாங்கி வந்தான். எங்களுடையது இரண்டாம் மாடி, மரத்தளம். பத்து மணி தாண்டினால் கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையில் தட்டுவார். அதனால் குதிக்காமல், பாதத்தின் முன்பகுதியால் மட்டும் மெதுவாகத் தொட்டு ஆடப் பழகினேன். ட்ரெயினிங் மோடில் ஒரே பாட்டு, அதில் பதினாறு தட்டு கொண்ட ஒரே துண்டு, மூன்று வாரம்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை பக்கத்து மாலில் ஜப்பானிலிருந்து இறக்கிய எக்ஸ்ட்ரீம் இயந்திரத்தைப் பார்த்தோம். அடுத்த முறை யாருக்கு என்பதைக் காட்ட, திரைக்குக் கீழே வரிசையாகக் காசு வைத்திருந்தார்கள். நானும் ஒன்று வைத்தேன். பள்ளிக்கூடப் பசங்களுக்கு நடுவே, சட்டையை பேண்ட்டுக்குள் விட்ட ஒரு இந்தியன். முதல் பாட்டில் மானம் போனது. இரண்டாவதாக என் பாட்டு. அந்தப் பதினாறு தட்டு வந்தபோது கால் தானாகப் போனது. கீழ்வீட்டுக்காரருக்குப் பயந்து பழகிய மெல்லிய மிதிதான் வேகத்துக்குச் சரியான மிதி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பின்னால் ஒரு பையன் "நைஸ்" என்றான். இருபது வருஷ வேலையில் வாங்கிய எந்த அப்ரைசலும் அந்த ஒரு வார்த்தைக்கு ஈடில்லை.

வீட்டுப் பதிப்பை நான் எடைபோடும் தராசு இதுதான். வெளியே போய் ஆடத் தயார் செய்ததா, இல்லையா?

வாசல் அடைபட்ட கதை

எக்ஸ்ட்ரீமுக்குப் பிறகு மூன்று வருஷத்துக்கு மேல் புதிய டிடிஆர் ஆர்கேட் வரவில்லை. 2006-ல்தான் சூப்பர்நோவா வந்தது. இடைப்பட்ட காலத்தில் வீட்டுப் பதிப்புகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. மேடையே புதுப்பிக்கப்படாதபோது சாதகம் யாருக்காக? பதிப்புகள் வேறு வேலை தேட ஆரம்பித்தன.

2005-ன் எக்ஸ்ட்ரீம் 2-ல் டான்ஸ் மாஸ்டர் மோட் வந்தது. கொடுத்த பணிகளை ஒவ்வொன்றாக முடித்தால்தான் பூட்டி வைத்த பாட்டுகள் திறக்கும். காசு கொடுத்து வாங்கிய தட்டில் இருக்கும் பாட்டைப் பழக, முதலில் வேறு ஏதாவது செய்து சம்பாதிக்க வேண்டும். சாதக அறைக்குள்ளேயே டிக்கெட் கவுன்டர் வைத்த மாதிரி. 2007-ல் வீ-க்கு வந்த ஹாட்டஸ்ட் பார்ட்டியில் கையையும் ஆட்டச் சொன்னார்கள். வேடிக்கைதான். ஆனால் அங்கே கற்ற கையசைவுக்கு எந்த ஆர்கேடிலும் வேலை இல்லை.

ஆர்கேட் பக்கமும் கதவு சாத்தப்பட்டது. ஜப்பானில் சூப்பர்நோவாவோடு இ-அம்யூஸ்மென்ட் அட்டை வந்தது. ஸ்கோர் இனிமேல் கொனாமியின் சர்வரில். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் கடைக்கும் சர்வருக்கும் நடுவில் போட்ட அந்தப் பாதையில் வீடு இல்லை.

இந்த வாசலின் அருமை போட்டியாளருக்குப் புரிந்திருந்தது. ஸ்டெப்மேனியா என்ற திறமூல நிரலை வைத்து ராக்ஸர் கேம்ஸ் 2004-ல் இன் த குரூவ் என்ற ஆர்கேட் விளையாட்டைக் கொண்டுவந்தது. 2005-ல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் யூஎஸ்பி டிரைவைச் செருகி, வீட்டில் எழுதிய ஸ்டெப்பை மேடையில் ஆடலாம். கொனாமி கைவிட்ட அதே யோசனை! கொனாமி வழக்குப் போட்டது. 2006-ல் சமரசமாகி, அந்த விளையாட்டின் உரிமையே கொனாமி கைக்குப் போனது.

மறுதரப்பு

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. பக்கத்தில் ஆர்கேடே இல்லாத ஊர்க்காரனுக்கு மேடை என்ன, வாசல் என்ன? வீட்டு மேட்தான் அவனுக்கு எல்லாம். மேற்கு வர்ஜீனியா மாநிலம் 2006-ல் தன் 765 அரசுப் பள்ளிகளிலும் டிடிஆர் வைக்கத் திட்டம் அறிவித்தது, பிள்ளைகளின் உடல் எடைக் கவலையில். அங்கே யாரும் ஆர்கேடுக்காகப் பழகவில்லை. 2005-ன் மரியோ மிக்ஸும் சின்னப் பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்த அழகான பொருள்.

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பள்ளிக்கூட ஹாலும் ஒரு மேடைதானே? நாலு பேர் பார்க்கிறார்கள், அடுத்தவன் முறைக்குக் காத்திருக்கிறான். என் குறை வீட்டுப் பதிப்பு வீட்டுக்கென்று யோசித்ததில் இல்லை. பழகுகிறவனை விட்டுவிட்டு, பூட்டுத் திறக்கிறவனை மட்டும் யோசித்ததில்தான்.

மிச்சம் இருப்பது

குறுந்தட்டுகள் பிழைத்துக்கொள்ளும், யாராவது நகல் எடுத்து வைத்திருப்பார்கள். சுற்றி இருந்தவைதான் போகின்றன. 2003-ல் எக்ஸ்பாக்ஸுக்கு வந்த அல்ட்ராமிக்ஸில் இணையம் வழியாகப் புதிய பாட்டுகளை இறக்கிக்கொள்ளலாம். அந்தக் காலத்துக்குப் பெரிய பாய்ச்சல் அது. பழைய எக்ஸ்பாக்ஸுக்கான லைவ் சேவையை மைக்ரோசாஃப்ட் 2010 ஏப்ரல் 15-ல் நிறுத்தியது. கடை அன்றோடு மூடியது. எங்கள் ரூம்மேட் எனக்காக எழுதிய பயிற்சி ஸ்டெப் ஒன்று இருந்தது, இடது கால் வலது தட்டுக்குக் குறுக்கே போகிற வகை. அது அவன் மெமரி கார்டோடு எந்த ஊருக்குப் போனதோ.

கடைசியாக, பரணில் கிடைத்த மேட் கதை. மகளுக்காக ஒரு மலிவு அடாப்டர் வாங்கி லேப்டாப்பில் மாட்டி, ஸ்டெப்மேனியா போட்டுக் கொடுத்தேன். ஒற்றை அம்புகள் எல்லாம் வேலை செய்தன. இடதும் வலதும் ஒன்றாக வரும் இடத்தில் குதித்தாள். எதுவும் பதிவாகவில்லை. மறுபடி குதித்தாள். இல்லை. "நான் கரெக்டாதான்பா குதிச்சேன்!"

கோளாறு மேட்டில் இல்லை. அந்த அடாப்டர் திசைகளைப் பொத்தானாக அனுப்பாமல் அச்சாக அனுப்புகிறது. இடது என்றால் கழித்தல் ஒன்று, வலது என்றால் கூட்டல் ஒன்று. இரண்டையும் சேர்த்து மிதித்தால் சுழி, அதாவது யாரும் மிதிக்கவில்லை. சாதாரண கன்ட்ரோலரில் இடதையும் வலதையும் ஒருசேர அழுத்தவே முடியாது என்பதால் அடாப்டர் செய்தவர் அதை யோசிக்கவில்லை. அவர் முன்னால் யாரும் குதித்துக் காட்டவும் இல்லை போல.

திசைகளைத் தனித்தனிப் பொத்தானாக அனுப்பும் வேறு அடாப்டர் வந்து சேர்ந்தது. இப்போது வேகத்தைப் பாதியாக்கி ஒரே பாட்டைப் பழகிக்கொண்டிருக்கிறாள். கீழ்வீட்டில் இன்னும் யாரும் தட்டவில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி மெமரி கார்டு ஏதாவது கிடந்தால், அதில் நீங்களோ நண்பர்களோ எழுதிய ஸ்டெப் இருந்தால், தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள். கடையில் வாங்கியது திரும்பக் கிடைக்கும். நீங்கள் எழுதியது வேறெங்கும் இல்லை.